226ஆவது பெயர்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிபவரை எதிரணி நெருங்கவிடாமல் உடம்பால் மறிப்பவர் லைன்மேன். டென்னஸி பல்கலைக்கழகத்தின் ட்ரே ஸ்மித் அதற்கென்றே பிறந்தவர். ஆனால் 2018இல் அவரது நுரையீரலில் ரத்தக் கட்டிகள் இருப்பது தெரிந்தது. கட்டியைத் தடுக்கும் மருந்தைச் சாப்பிட்டால், மோதலில் ரத்தப்போக்கு ஏற்படும் ஆபத்து. நிறுத்தினால் மறுபடி கட்டி வரும் ஆபத்து.

2021 வீரர் தேர்வில் அணிகள் தயங்கின. 225 பேர் போன பிறகே, ஆறாவது சுற்றில், கான்சாஸ் சிட்டி அவரை எடுத்தது. முதல் சீசனில் 17 ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே களமிறங்கினார். பிறகு இரண்டு சூப்பர் பௌல் வெற்றிகள். 2025இல் 9.4 கோடி டாலருக்கு நான்காண்டு ஒப்பந்தம்.

தயங்கியவர்களைக் கேலி செய்ய வேண்டாம். முதல் சுற்றில் சூதாட்டமாகத் தெரிவது ஆறாவது சுற்றில் மலிவான சரக்கு. கணிப்பு பொய்த்திருந்தால் அணிக்கு ஒரு வாய்ப்புதான் நஷ்டம். ஸ்மித் பணயம் வைத்தது உயிரை.