வீதியற்ற நாட்டின் வீதியோட்டம்

தெற்காசிய நாடுகளின் விளையாட்டு விழா 1984ஆம் ஆண்டு காத்மண்டுவில் தொடங்கியது. கொழும்பு மாநகர் அதனை 1991இலும் 2006இலும் ஏற்று நடத்தியது. 2019 டிசம்பரில் நேபாளத்தில் நடைபெற்ற 13ஆவது விழாவின் நிரலில் வீதித் துவிச்சக்கர ஓட்டம், மலைத் துவிச்சக்கர ஓட்டம் ஆகிய இரண்டும் இடம்பெற்றன. அதற்கடுத்த விழா பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டுப் பலமுறை பிற்போடப்பட்டது. ஒவ்வொரு விழாவும் முடிந்ததும் பதக்கக் கணக்குப் பார்க்கப்படுவதும், கணக்கு இடித்தால் காரணம் தேடப்படுவதும் இலங்கையில் வழக்கம். துவிச்சக்கர ஓட்டத்தைப் பொறுத்தவரை அக்காரணங்கள் பெரும்பாலும் மூன்றே: பணமில்லை, நல்ல வண்டியில்லை, பயிற்றுநரில்லை. இம்மூன்றையும் மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் இவற்றுக்கு முற்பட்ட காரணமொன்று உண்டு. அதனை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் குற்றவாளிகளின் தொகை பெருகிவிடும்.

நீச்சலுக்குத் தடாகம் வேண்டும். கிரிக்கெற்றுக்கு மைதானம் வேண்டும். அவற்றைக் காசு கொடுத்துக் கட்டலாம், கட்டியபின் வேலியும் அடைக்கலாம். வீதித் துவிச்சக்கர ஓட்டத்தின் மைதானமோ பொது வீதி. பாடசாலைப் பிள்ளையும் மீன்காரரும் பஸ்ஸும் லொறியும் செல்லும் அதே வீதியே அவ்விளையாட்டின் அரங்கு. ஆதலால் ஒரு நாட்டு வீதிகளில் சாதாரண மனிதன் அச்சமின்றித் துவிச்சக்கரவண்டி செலுத்த முடியாதாயின், அந்நாடு வீதியோட்ட வீரர்களை உருவாக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து இறக்கிய வண்டியொன்றை இருபது வயது இளைஞன் கையிற் கொடுத்து மூன்று மாதம் பயிற்றுவதால் இக்குறை நீங்காது.

இவ்விளையாட்டின் இயல்பை அறிந்தோர்க்கு இது விளங்கும். கூட்டமாக ஓடும் வீதியோட்டத்தில் முன்செல்பவருக்கு மிக அண்மையாக ஒட்டிச் செல்பவர் காற்றுத் தடையின் பெரும்பகுதியிலிருந்து தப்புகிறார். அவரது உழைப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மீதமாகிறது. அந்த நெருக்கத்தில், மணிக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில், முன்னவர் முதுகின் சிறு அசைவிலிருந்து அவர் நோக்கத்தை ஊகிக்கும் திறன் பத்து வயதில் நண்பர்களோடு வீதியில் ஓடிப் பழகியவருக்கே இயல்பாக வாய்ப்பது. மலைத் துவிச்சக்கர ஓட்டமும் இவ்வாறே. கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்தில் எப்போது பிறேக்கை விடுவது என்பதை வகுப்பறையிற் கற்பிக்க இயலாது. இன்று பெரும் விலைக்கு விற்கப்படும் இவ்வண்டிகளின் தோற்றமும் எளியதே. 1970களில் கலிபோர்ணியாவின் தமல்பைஸ் மலைச் சரிவுகளில் பழைய, கனத்த, கழித்துப்போட்ட வண்டிகளைப் பழுதுபார்த்து உருட்டிய இளைஞர்களிடமிருந்து பிறந்த விளையாட்டு அது; 1996இல் அற்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பிடித்தது. கொழும்பிலே 'மவுண்டன் பைக்' என்ற பெயரில் தடித்த ரயருடன் விற்பனையாகும் வண்டிகளுட் பெரும்பாலானவை வீட்டு வாசற்படியைத் தவிர வேறு மலையைக் கண்டிருக்க மாட்டா.

கொழும்பின் வீதிகளை இனி நோக்கலாம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஏறத்தாழ பத்துக் கிலோமீற்றர். காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை என வந்து செட்டியார் தெருவிலும் ஜம்பட்டா வீதியிலும் புகுந்தால் கொட்டாஞ்சேனை. மேடு பள்ளம் பெரிதாக இல்லை. துவிச்சக்கரவண்டியில் நிதானமாகச் சென்றால் அரை மணித்தியாலப் பயணம். காலை வேளையில் பஸ்ஸோ ஒரு மணித்தியாலத்தையும் விழுங்குவதுண்டு. நகரின் இரு பெரும் தமிழ்க் குடியிருப்புக்களை இணைக்கும் இப்பாதையில் துவிச்சக்கரவண்டியில் தினமும் சென்றுவரும் மாணவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணவும் விரல்கள் மிஞ்சும். பெற்றோரைக் கேட்டால், "பஸ்காரன் இடித்துவிடுவான்" என்பர். அவர்கள் கூற்றில் பொய்யில்லை. தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்தும் வீதியோரத்தில் துவிச்சக்கரவண்டிக்கு எஞ்சியிருப்பது வடிகான் மூடியும் நிறுத்திவைத்த கார்களின் திறக்கும் கதவுகளுமே.

ஆனால் இதே வீதிகளில் அஞ்சாது செல்வோர் சிலர் இருக்கின்றனர். மீன்பெட்டியைக் கரியரிற் கட்டியவர், லொத்தர்ச் சீட்டுக்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியவர், தபாற்காரர், புறக்கோட்டைக் கடைகளில் சிப்பந்திகளாக உழைப்போர் ஆகியோர் அவர்கள். இவர்களுக்கு வேறு வழியில்லை. நகரத்தை அமைத்தோரின் கண்ணுக்கு இவர்கள் போக்குவரத்து அல்லர், போக்குவரத்துக்கு இடையூறு. வறியவனின் வாகனத்துக்கு வீதியில் இடம் ஒதுக்காத ஓர் ஆட்சிமுறை, அதே வாகனத்தில் ஒருவன் தங்கப்பதக்கம் கொண்டுவரவேண்டுமென எதிர்பார்ப்பதை வேடிக்கை என்பதா, வெட்கமின்மை என்பதா?

தமிழ் மாணவர் இவ்விடயத்தில் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகச் சிந்திக்க வேண்டியவர்கள். ஏனெனில் துவிச்சக்கரவண்டியைப் போல வடபுலத் தமிழ் மக்களின் வாழ்வோடு கலந்த பொறி வேறொன்றில்லை. றலியும் ஹம்பரும் மாப்பிள்ளைக்குரிய மதிப்பாக இருந்த காலம் ஒன்று. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தன் தேர்தற் சின்னமாக அதனையே கொண்டிருப்பதும் தற்செயலன்று. 1990களில் எரிபொருள் தடைசெய்யப்பட்டபோது யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் இருசக்கரங்களின் மீது நகர்ந்தது. நோயாளர் அதிலே ஆஸ்பத்திரிக்குச் சென்றனர். நெல்மூட்டையும் விறகும் அதிலே சந்தைக்குச் சென்றன. மின்சாரமற்ற வீடுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். கிளாலிக் கடலேரியைக் கடந்த படகுகளில் மனிதரோடு வண்டிகளும் ஏறின. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, ஒரு குடும்பத்தின் எஞ்சிய உடைமை எவ்வளவென்பதைத் தீர்மானித்தது அவ்வண்டி தாங்கக்கூடிய பாரமே. ஏ-9 வீதி 2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையில் மீண்டும் மூடப்பட்டது. ஒரு வாரங் கழித்து, ஆகஸ்ட் 18இல், கொழும்பில் 10ஆவது தெற்காசிய விளையாட்டு விழா வாணவேடிக்கைக்குரிய மகிழ்வோடு தொடங்கியது. ஒரே நாட்டில் ஒரே மாதத்தில் வீதி ஒருபுறம் அடைபட்டும் மறுபுறம் விழாக்கோலம் பூண்டும் இருந்ததை எந்தப் பதக்கப் பட்டியலும் பதிவு செய்யவில்லை.

அக்காலத்து யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளைக் குறிப்பிடாமல் இப்பகுதியைக் கடத்தலாகாது. பாடசாலைக்கும், அதன்பின் தனியார் வகுப்புக்கும், திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்துக்கும் எதிர்க்காற்றிலும் வெயிலிலும் மிதித்துச் சென்ற அப்பெண்கள் தம்மை விளையாட்டு வீராங்கனைகள் என எண்ணியதில்லை. எண்ணும்படி எவரும் சொல்லவுமில்லை. ஒலிம்பிக் வீதியோட்டத்தில் பெண்களுக்கு 1984இல்தான் இடம் கிடைத்தது என்பதையும், அதற்கு அடுத்த பத்தாண்டில் குடாநாட்டில் ஒரு தலைமுறைப் பெண்கள் தேவையின் காரணமாக அவ்வளவு தூரம் மிதித்தனர் என்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு புலப்படும்.

அக்குடும்பங்களிற் பல பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறின. வண்டி ஊரிலே நின்றுவிட்டது. வீதியில் இறங்குவதே ஐயத்துக்கு இடமளித்த காலம் அது. சோதனைச் சாவடியும் அடையாள அட்டையும் ஒவ்வொரு சந்தியிலும் காத்திருந்தன. 2007 யூன் 7ஆம் நாள் தலைநகரின் தங்குமிடங்களிலிருந்து தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடைசெய்ததும் மறக்கக்கூடியவையல்ல. இத்தகைய வீதியில் ஒரு பிள்ளை உல்லாசமாகத் துவிச்சக்கரவண்டி ஓட்டட்டும் என எந்தத் தாய் சொல்வாள்? இக்காரணம் நியாயமானது. ஆனால் போர் 2009இல் முடிந்தபின்னும் பழக்கம் மீளவில்லை. அச்சம் நீங்கிய இடத்தில் மத்தியதர வர்க்க மதிப்பு வந்து அமர்ந்துகொண்டது. ஊரில் துவிச்சக்கரவண்டியில் படித்து உயர்ந்த தந்தை, தன் மகன் அதே வண்டியில் ரியூட்டரிக்குச் செல்வதைக் கௌரவக் குறைவெனக் கருதுகிறார். மாலை நான்கு மணிக்கு வெள்ளவத்தைக் குறுக்குத் தெருக்களை நிரப்பும் ஓட்டோக்கள், ஒரு கிலோமீற்றர் தூரத்திலுள்ள வகுப்புக்களுக்குப் பிள்ளைகளைச் சுமந்து செல்கின்றன. வீதி நெரிசலெனக் குறைகூறுவோரும் அவற்றுள்ளேதான் அமர்ந்திருக்கின்றனர்.

மலையகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலைத் துவிச்சக்கர ஓட்டத்துக்கு இலங்கையில் இயற்கை அமைத்த அரங்கு தேயிலைத் தோட்டங்களின் ஏற்ற இறக்கப் பாதைகளே. அப்பாதைகளில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் விலையுயர்ந்த வண்டிகளில் பணங்கொடுத்து ஓடுகின்றனர். அதே பாதைகளில் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் புத்தகப் பையுடன் மைல்கணக்கில் நடந்து பாடசாலைக்குச் செல்கின்றனர். நிலமும் உண்டு, நுரையீரலும் உண்டு; இரண்டுக்கும் இடையே ஒரு சக்கரந்தான் இல்லை.

வறிய நாட்டால் இது இயலாதென்பார்க்கு இரு நாடுகளைக் காட்டலாம். எரித்திரியாவில் துவிச்சக்கர ஓட்டத்தைப் புகுத்தியோர் இத்தாலியக் குடியேற்ற ஆட்சியினர்; அவர்கள் உள்ளூர் மக்களைத் தம்மோடு போட்டியிட விடாது நெடுங்காலம் விலக்கியே வைத்தனர். 1939இல் இரு சாராரும் கலந்துகொண்ட ஓட்டமொன்று நடத்தப்பட்டபோது கெப்ரெமரியம் கெப்ரு என்னும் எரித்திரியரே முதலிடம் பெற்றார். சுதந்திரத்தை 1993இல் பெற்ற அந்நாட்டின் பினியம் கிர்மாய், 2024இன் பிரான்ஸ் சுற்றோட்டத்தில் மூன்று கட்டங்களை வென்று பச்சைச் சட்டையையும் பெற்றார். அஸ்மராவின் வீதிகளில் துவிச்சக்கரவண்டி அன்றாட வாகனம். ஞாயிறுதோறும் நிகழும் ஓட்டங்களைக் காண மக்கள் திரள்வர். மற்றது கொலம்பியா. அந்நாட்டின் நைரோ குவின்ரானா மலைக் கிராமமொன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நாள்தோறும் பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் துவிச்சக்கரவண்டியிற் சென்ற உழவர் வீட்டுப் பிள்ளை. 2014இல் இத்தாலியச் சுற்றோட்டத்தை வென்றார். 2019இல் 22 வயதில் பிரான்ஸ் சுற்றோட்டத்தை வென்ற ஏகன் பெர்னால் மலைத் துவிச்சக்கர ஓட்டத்திலேயே வளர்ந்தவர். இவர்களின் நாட்டுத் தலைநகரான பொகோத்தாவில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் பெருவீதிகள் மோட்டார் வாகனங்களுக்கு மூடப்படுகின்றன. இன்று அவற்றின் நீளம் நூறு கிலோமீற்றருக்கு மேல். வீரர் அங்கிருந்து நேராக முளைத்தனர் எனக் கூறுவது மிகை. வீதி மக்களுடையது என்ற எண்ணம் வேரூன்றிய நாட்டில் வீரர் தோன்றுவது வியப்பில்லை என்பதே கூறத்தக்கது.

இலங்கைக்கு மரபே இல்லையென்பதும் தவறு. 1960 ரோம் ஒலிம்பிக்கிலேயே மொறிஸ் குமாரவேல் இந்நாட்டின் சார்பில் துவிச்சக்கர ஓட்டத்திற் பங்குபற்றினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அவர் பெயரைச் சொன்னால் பல்கலைக்கழக மாணவர் புருவத்தை உயர்த்துவர். கிரிக்கெற் வீரர்களின் ஓட்டச் சராசரியைத் தசமத்தோடு ஒப்புவிக்கும் அதே மாணவர்.

வீதி ஒடுக்கமானது, இடம் எங்கே என்ற வினா இன்னும் எஞ்சுகிறது. ஒரே மனிதரைச் சுமக்கும் கார் ஒன்று நிற்கும் இடத்திற் பல துவிச்சக்கரவண்டிகள் நிற்கும். ஒரே அகலமுள்ள வீதி ஒரு மணித்தியாலத்தில் கார்களில் கடத்தும் மனிதரைவிடப் பன்மடங்கானோரைத் துவிச்சக்கரவண்டிகளிற் கடத்தும். ஒடுக்கமான வீதிதான் துவிச்சக்கரவண்டியை அதிகம் வேண்டி நிற்கிறது. நெதர்லாந்தும் பிறவியிலேயே துவிச்சக்கர நாடாக நீடிக்கவில்லை. அங்கே 1971இல் வீதி விபத்துக்களில் 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் சிறுவர். பெற்றோர் வீதியிலிறங்கிச் சிறுவர் கொலையை நிறுத்துக எனக் கூவிய பின்னரே அந்நாட்டு ஆட்சியாளருக்குத் தனிப்பாதை அமைக்கும் எண்ணம் உறைத்தது. கொழும்பும் 2022இல் ஒரு பாடத்தைப் பெற்றது. பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது கனவான்களும் துவிச்சக்கரவண்டி தேடி அலைந்தனர். கடைகளில் அதன் விலை ஏறியது. அலுவலகத்துக்கு அதிலே செல்வது பத்திரிகைகளிற் படத்தோடு வந்தது. எரிபொருள் பங்கீட்டு முறை வந்து வரிசை குறைந்ததும் வண்டிகள் மாடிப்படிகளின் கீழ் தூசு படியலாயின. அந்த ஆறு மாதங்களில் வீதியின் ஓர் ஓரத்தையாவது நிரந்தரமாகப் பிரித்தெடுக்க வாய்ப்பிருந்தது. கேட்போர் இல்லாமையால் அது நழுவியது.

கேட்கவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி நோக்கிக் கடலோரமாகச் செல்லும் மரீன் டிரைவ் இருக்கிறது. ஞாயிறு காலை 6 மணி முதல் 10 மணி வரை அதனை மோட்டார் வாகனங்களுக்கு மூடுவதற்கு மாநகர சபையின் ஒரு தீர்மானமும் பொலிஸாரின் சில தடுப்புக் கம்பங்களும் போதும். அதே வேளையில் ரியூட்டரி நடத்துவோர் ஞாயிறு காலை வகுப்புக்களை 10 மணிக்குப் பின் தள்ள வேண்டியிருக்கும். எதிர்ப்பு முதலில் அங்கிருந்துதான் வரும். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்புக்கள் ஆண்டுதோறும் நடத்தும் விளையாட்டுப் போட்டிகளில் துவிச்சக்கர ஓட்டம் ஒன்றைச் சேர்த்து, அதனை அவ்வீதியில், சாதாரண வண்டிகளில், மாணவிகளுக்கும் உரியதாக நடத்தினால் அக்கோரிக்கைக்கு ஓர் உடலும் கிடைக்கும். விழாக்களுக்கும் வெளிநாட்டுத் தலைவர்களின் வருகைக்கும் காலி வீதியை மணிக்கணக்கில் மூடத் தெரிந்த அதிகாரிகளுக்கு, நான்கு மணித்தியாலம் ஒரு கடலோர வீதியை மூடுவது தெரியாத வித்தையன்று.