குடல் கசிவும் புதுத் தொக்கக்காரர்களும்

தொக்கம் எடுப்பது என்கின்ற ஒரு வித்தை நமது நாட்டில் வெகுகாலமாய் நடந்து வருவது யாவரும் அறிந்ததேயாகும். குழந்தைக்குச் செரிக்காமல் பேதியாகி, வயிறு உப்பி, கைகால் சூம்பிப் போனால், குடலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, ஓர் ஆசாமி வயிற்றைத் தடவிக் குழலை வைத்து உறிஞ்சி, ஒரு மயிர்ச்சுருளையோ பழத்தோலையோ துப்பிக் காட்டுவான். குடலில் இருந்த வஸ்து தோலையும் சதையையும் கடந்து குழலுக்குள் எப்படி வந்தது என்று கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. "கண்ணால் பார்த்தோமே" என்பார்கள். பார்த்தது அவன் வாயிலிருந்து வந்ததையே ஒழிய, குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததையல்லவே!

இந்த வித்தைக்கு இப்போது பட்டணத்தில் ஒரு தம்பி பிறந்திருக்கிறான். இவன் குழல் வைத்துக் கொள்வதில்லை. "உங்கள் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது, அதன் வழியே விஷம் இரத்தத்தில் ஒழுகுகிறது" என்கிறான். இரத்தத்தையும் மலத்தையும் வாங்கிப் போய், சிவப்பும் பச்சையுமாக அச்சடித்த காகிதம் ஒன்றைத் தருகிறான். களைப்பு, தலைவலி, முகப்பரு, மூட்டுவலி, மனச்சோர்வு யாவற்றுக்கும் அந்த ஓட்டையே காரணம் என்றும், அதை அடைக்கத் தன்னிடம் ஒரு பொடி இருக்கிறது என்றும் சொல்லுகிறான். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைக்கிறவனுக்குக் களைப்பு வந்ததற்குக் காரணத்தைக் குடலுக்குள் போய்த் தேட வேண்டுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, குடல் கசிவு என்பதே பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது சோம்பேறிகளின் பகுத்தறிவாகும். விஷயம் உண்மையானது. உண்மையாய் இருப்பதனால்தான் அதைத் திருடி விற்கிறார்கள்.

குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள்தான். சில நாட்களுக்கு ஒரு தரம் பழையவை உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. ஓர் உயிரணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நெருக்கமான ஒட்டு இருக்கிறது. 1963-இல் ஃபார்குவார், பலாடே என்னும் இருவர் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் மூலம் அந்த ஒட்டின் அமைப்பைத் தெளிவாய்க் காட்டினார்கள். அது சிமெண்டுப் பூச்சைப்போல் செத்த வஸ்துவல்ல. வேண்டியபோது சற்று நெகிழும், பிறகு இறுகும். ஆகவே எல்லோருடைய குடலும் சிறிது கசியவே செய்யும். அது அளவு மீறுவதே வியாதியின் அடையாளம். கோதுமை ஒவ்வாத சீலியாக் வியாதியிலும், குரோன் என்கின்ற குடல் அழற்சியிலும் அது மீறுகிறது. சாராயத்தாலும், இடுப்பு வலிக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தின்னும் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளாலும் மீறுகிறது. பொடி விற்கிறவன் இந்த மாத்திரைகளைப் பற்றி வாய் திறப்பானா?

இதை அளக்க யோக்கியமான சோதனையும் இருக்கிறது. இரண்டு சர்க்கரைகளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஒன்று மானிட்டால்; சிறியது, நல்ல குடலில் ஒரு பாகம் சுலபமாய் உள்ளே போகும். மற்றது லாக்டுலோஸ், மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் அதே பாகு. அது உருவில் பெரியது, நல்ல குடலில் மிகச் சொற்பமே நுழையும். இரண்டையும் உடம்பு எரிப்பதில்லை. உள்ளே போனது மூத்திரத்தில் வந்துவிடும். சுமார் ஐந்து மணி நேர மூத்திரத்தைச் சேர்த்து இரண்டையும் அளந்தால், பெரியது அதிகமாய் வந்திருந்தால் ஒட்டு தளர்ந்திருக்கிறது என்றும், சிறியது குறைந்திருந்தால் உறிஞ்சும் பரப்புத் தேய்ந்திருக்கிறது என்றும் ஊகிக்கலாம். மூத்திரம் சிந்தினாலும், மூத்திரக்காய் சரியாய் வேலை செய்யாவிட்டாலும், வேறு பதார்த்தங்களிலிருந்து மானிட்டால் சேர்ந்தாலும் கணக்குப் பிசகும். ஆகையால் இது கூட்டத்தோடு கூட்டத்தை ஒப்பிடும் ஆராய்ச்சிக்கு உதவுமே தவிர, ஒரு மனிதனைப் பார்த்து உனக்கு இன்ன வியாதி என்று தீர்ப்புக் கூறத் தகுந்ததல்ல. இந்தக் குறையை அதைச் செய்கிறவர்களே எழுதி வைக்கிறார்கள். தொக்கக்காரன் எந்தக் காலத்திலாவது தன் குழலின் குறையைச் சொன்னதுண்டா?

இச்சோதனை எங்கோ சீமையில் மட்டும் நடந்ததல்ல, நமது வேலூரிலேயே நடந்தது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலானவர்கள், 1960-ஐ ஒட்டி வட ஆற்காட்டுக் கிராமங்களில் பரவிய ஒருவகைப் பேதி நோயை ஆராயப் போய், வியாதி இல்லாதவர்களுடைய குடலும்கூடத் தேய்ந்திருப்பதைக் கண்டார்கள். பிறகு 2009-இல் துவங்கிய எட்டு நாட்டு ஆராய்ச்சியில் வேலூரும் ஒன்றாகி, பிறந்த குழந்தைகளை இரண்டு வயது வரை தொடர்ந்து கவனித்து, இந்த இரண்டு சர்க்கரைச் சோதனையும் செய்தார்கள். பேதியே இல்லாத நாளிலும் குழந்தைகளின் மலத்தில் ஷிகெல்லா, ஜியார்டியா போன்ற கிருமிகள் இருந்தன; அவை மிகுந்த குழந்தைகள் உயரத்தில் பின்தங்கின. கசிவின் எண் ஒன்றை மட்டும் வைத்து வளர்ச்சியைச் சொல்ல முடியவில்லை என்பதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

"நம் ஜனங்களின் உடல்வாகே அப்படி, பிறந்த ராசி அப்படி" என்று சொல்லக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு சேதி. 1960-களில் கிழக்குப் பாகிஸ்தானுக்குத் தொண்டு வேலைக்கு வந்த அமெரிக்க வாலிபர்களுடைய குடலும் இங்குள்ளவர்கள் குடலைப்போலவே தேய்ந்தது. ஊர் திரும்பியதும் தேறியது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியர்களைச் சோதித்து 1971-இல் வெளியிட்டதில், அவர்கள் அங்கே தங்கிய காலம் ஏற ஏறக் குடலும் சீரடைந்தது தெரிந்தது. கப்பல் ஏறியவுடன் ராசி மாறிவிட்டதா? தண்ணீரும் கக்கூஸும் அல்லவா மாறின! பூஜை செய்து மடியாய்த் தொட்ட செம்புத் தண்ணீரானாலும் மலக்கிருமி இருந்தால் அது அசுத்தமே. எவனைத் தீட்டென்று ஒதுக்கினார்களோ அவன் தொட்ட தண்ணீரில் கிருமி இல்லையானால் அதுவே சுத்தம். மைக்ராஸ்கோப்புக்கு ஜாதி தெரியாது.

நமக்கு அனுகூலமில்லாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கக்கூஸ் கட்டி, கை கழுவச் சொல்லி, தண்ணீருக்கு மருந்து போட்டால் குழந்தைகள் வளர்ந்துவிடும் என்று நம்பி வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய இடங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் பரிசோதித்தார்கள். 2018, 2019-இல் முடிவு வந்தது. வங்காளதேசத்தில் பேதி குறைந்தது. ஆனால் மூன்று நாட்டிலும் அதனால் உயரம் கூடவில்லை. கூடுதல் உணவு கொடுத்த குழந்தைகள் சிறிது உயர்ந்தன. இதிலிருந்து சுத்தம் வேண்டாம் என்றா ஏற்படுகிறது? வீட்டுக்கு ஒரு குழியும் ஒரு சோப்பும் கொடுத்துவிட்டுத் தெருவெல்லாம் பழையபடியே கிடந்தால் போதாது, வீட்டுக்குள் எந்நேரமும் வரும் நல்ல தண்ணீரும் மூடிய சாக்கடையும் வயிறார உணவும் வேண்டும் என்பதே ஆராய்ந்தவர்கள் பலரின் அபிப்பிராயம், நமது அபிப்பிராயமும் அதுவே.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம். அதில் முதலிடம் ஜோனுலின் என்ற வஸ்துவுக்கு. 2000-த்தில் பாசானோ என்பவர் கூட்டத்தார் கண்டு சொன்ன அது ஒட்டை நெகிழ்த்துவது வாஸ்தவமாயிருக்கலாம். ஆனால் கடையில் விற்கும் சோதனைப் பெட்டி அந்த வஸ்துவையே அளக்கவில்லை, வேறெதையோ அளக்கிறது என்று 2018-இல் ஆராய்ந்து வெளியிட்டு விட்டார்கள். அந்த வழியை அடைக்கச் செய்த லாராசோடைட் என்ற மருந்தின் கடைசிக் கட்டப் பரீட்சையும், பலன் தெரியாமல் 2022-இல் நிறுத்தப்பட்டது. மருந்து செய்தவனே கைவிட்டதைப் பொடி விற்கிறவன் சாதித்து விட்டானாம்! அடுத்தது, நூறு பதார்த்தங்களின் பெயரைப் போட்டு "ஐ.ஜி.ஜி." அளவு தரும் பட்டியல். நாம் எதைத் தின்கிறோமோ அதற்கு அந்த அளவு ஏறுவது இயற்கை. ஒவ்வாமைக்கு இதைப் பார்க்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை வைத்தியர் சங்கம் 2008-இலேயே சொல்லிவிட்டது. தினம் சோறும் பருப்பும் தின்கிறவனுக்குச் சோறும் பருப்பும் விஷம் என்று அச்சாகி வந்தால் அவன் எதைத் தின்பான்?

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2016-இல் வெளியான கணக்கின்படி சீலியாக் வியாதியின் இரத்த அடையாளம் வட இந்தியாவில் 100-க்கு 1.23 பேருக்கும், தென்னிந்தியாவில் 0.10 பேருக்கும் இருக்கிறது. வடக்கேயிருந்து எத்தனையோ தோழர்கள் வந்து திருப்பூரில் தையல் மிஷினிலும் செக்கிங் மேஜையிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு ஓயாத பேதியும் இரத்தச் சோகையும் இருந்தால், ஆஸ்பத்திரியில் சீலியாக்குக்கான இரத்தச் சோதனை செய்ய வேண்டும். அதற்கு முன்பே பொடிக்காரன் பேச்சைக் கேட்டுக் கோதுமையை நிறுத்தினால் சோதனையில் வியாதி மறைந்துபோகும்.

திருப்பூருக்குத் தண்ணீர் கொண்டுவரத் தெரியாதென்று யாரும் சொல்ல முடியாது. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். அதில் பெரும்பகுதி தொழிலுக்கே வகுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட்டு உத்தரவிட்ட பிறகு, சாயத் தண்ணீரை வடித்து மறுபடியும் துணிக்கே உபயோகிக்கும் வித்தையையும் இவ்வூர் செய்து காட்டிற்று. (நொய்யல் கெட்ட கதை தனி; சாயம்தான் குடலைக் கசியச் செய்கிறது என்று ஆதாரமில்லாமல் நாமும் கிளப்பிவிட மாட்டோம்.) துணிக்கு இவ்வளவு சுத்தமான தண்ணீர் தேவையென்றால், அந்தத் துணியைத் தைக்கிறவன் பிள்ளைக்குத் தேவையில்லையா? காம்பவுண்டு வீடுகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரே கக்கூஸ். குழாயில் தண்ணீர் வரும் நாளுக்குக் காத்திருந்து குடத்திலும் டிரம்மிலும் பிடித்து மூடிவைத்து, அதில் கை விட்டு மொண்டு குடிக்கிறார்கள். தவழும் குழந்தை அந்த வாசலில்தான் தவழுகிறது. வாடகை வாங்குகிற கனவான் இரண்டாவது கக்கூஸ் கட்டும் செலவு, அந்தப் பொடி டப்பாக்களின் விலையைவிட எவ்வளவு ஜாஸ்தியாகிவிடும்?

குழந்தைக்குப் பேதியானால் தொக்கக்காரனிடமும் போக வேண்டாம், டப்பாக்காரனிடமும் போக வேண்டாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம் கண்டாலும், கண் குழிந்து மூத்திரம் நின்றாலும், துவண்டு போனாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பெரியவர்களுக்கு வாரக்கணக்கில் பேதி நின்றாலோ, எடை இறங்கினாலோ, சம்பளத்தில் பிடித்த இ.எஸ்.ஐ. பணத்துக்கு உரிய வைத்தியரிடம் போய், தின்னும் வலி மாத்திரைகளை ஒன்றுவிடாமல் சொல்லிக் காட்டிக்கொள்ளட்டும்.