ராணுவக் கிடங்கில் கிடைத்த விடை
மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடுகிறது. ஏன் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிவந்தார்கள். ஹார்வர்டின் ஆல்பர்ட்டோ அஷெரியோவும் குழுவினரும் விடை தேடிப் போன இடம்தான் எனக்குப் பிடித்தது: எச்.ஐ.வி. பரிசோதனைக்காக அமெரிக்க ராணுவம் எடுத்து, மிச்சத்தை உறையவைத்திருந்த சீரம். ஒரு கோடிப் பேருக்கு மேல், இருபது ஆண்டுச் சேமிப்பு! நோய் கண்டவர்களில் 801 பேரின் மாதிரிகளைப் பார்த்தார்கள். தொடக்கத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றாதவர்கள் 35 பேர்தான். அவர்களிலும் 34 பேருக்கு, நோய் தலைகாட்டுமுன் அது தொற்றியிருந்தது. தொற்றியபின் ஆபத்து 32 மடங்கு. அதே எச்சில் வழியே பரவும் சைட்டோமெகலோவைரஸோ ஆபத்தைக் கூட்டவே இல்லை. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. புது மருந்துக்குக் கோடிகளைக் கொட்டுகிறவர்கள், பழைய ரத்தத்தைக் காக்கும் குளிர்பெட்டிக்குக் கணக்குப் பார்ப்பது எனக்கு விளங்கவே இல்லை. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கிறதே, எல்லோருக்குமா நோய் வருகிறது என்று கேட்கலாம். நியாயம்தான். வைரஸ் மட்டும் போதாது. மரபணு, வைட்டமின் டி குறைவு, புகைப்பழக்கம் என்று வேறு சிலவும் கூட வேண்டும். ஆனால் இவற்றில் தடுப்பூசி உருவானால் மறிக்கக்கூடியது வைரஸ் ஒன்றுதான்.