வழுக்கையும் மருந்தும்

வழுக்கைத் தலையைக் கண்டால் பரிகாசம் செய்வதில் நம்மவர்களுக்குத் தனி உற்சாகம் உண்டு. ஆனால் இருபத்தைந்து வயதில் சீப்பிலே கொத்துக் கொத்தாக முடி வரக் கண்ட வாலிபனுக்கு அது சிரிக்கும் விஷயமல்ல. வீட்டில் கல்யாணப் பேச்சும் ஆரம்பமாகிவிட்டால் கேட்க வேண்டியதில்லை! ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு சீசாத் தைலத்தையோ ஓர் அட்டை மாத்திரையையோ வாங்கி வந்து இரகசியமாக உபயோகிக்கத் தொடங்குகிறான். அந்த இரகசியத்தைப் பற்றித்தான் இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

பரம்பரை வழுக்கைக்குப் பலன் தருவதாகப் பரீட்சித்து அறியப்பட்ட மருந்துகளில் முக்கியமானவை இரண்டு. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே முடிக்காகப் பிறந்தவை அல்ல. மினாக்சிடில் என்பது 1979-ல் அமெரிக்காவில் இரத்த அழுத்தத்துக்காக அநுமதிக்கப்பட்ட மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடங்களிலெல்லாம் ரோமம் வளர்ந்தது. அதைக் கண்டு தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். 1988-ல் அதற்கும் அநுமதி கிடைத்தது. பினாஸ்டிரைட், வயோதிகர்களின் பிராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக 1992-ல் வந்தது. அதையே 1 மில்லிகிராமாகக் குறைத்து 1997-ல் வழுக்கைக்கு வழங்கினார்கள். முடியின் வேரைச் சுருங்கச் செய்யும் ஒரு ஹார்மோன் உடலில் உண்டாவதை இது குறைக்கிறது.

ஒரு வியாதிக்குக் கொடுத்த மருந்து முடியை வளர்க்கிறதென்றால், முடிக்காகக் கொடுக்கும் மருந்து உடம்பில் வேறு காரியங்களையும் செய்யக்கூடும் அல்லவா? மினாக்சிடில் தடவினால் சிலருக்கு அரிப்பும் எரிச்சலும் உண்டாகும். ஸ்திரீகளுக்கு முகத்தில் ரோமம் வளர்வதும் உண்டு. நெஞ்சு படபடத்தாலோ, தலை சுற்றினாலோ, கை கால் வீங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பார்க்க வேண்டும். முதல் சில வாரங்களில் முடி அதிகமாக உதிர்வதும் உண்டு. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

பினாஸ்டிரைட் விஷயம் இன்னும் கவனத்துக்குரியது. அதைச் சாப்பிட்ட புருஷர்களில் நூற்றுக்கு 3.8 பேருக்குத் தாம்பத்திய இச்சையோ சக்தியோ குறைவது போன்ற உபாதைகள் நேர்ந்ததாக ஆரம்பப் பரீட்சைகள் காட்டின. மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 2.1 பேர் அவ்வாறே சொன்னார்கள். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. ஆனால் நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சிலர் முறையிட்டிருக்கிறார்கள். 2011 முதல் அமெரிக்க மருந்துக் குறிப்பில் இதுவும் இடம் பெற்றிருக்கிறது. மனச்சோர்வும் உண்டாகலாம். தற்கொலை எண்ணம் இம்மருந்தின் பக்க விளைவுகளில் ஒன்றே என்று ஐரோப்பிய மருந்து ஸ்தாபனம் 2025 மே மாதத்தில் உறுதி செய்தது.

வீட்டாரும் அறிய வேண்டியது ஒன்று உண்டு. உடைந்த பினாஸ்டிரைட் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடலாகாது. வயிற்றில் இருப்பது ஆண் சிசுவானால் அதன் அவயவ வளர்ச்சிக்குக் கெடுதல் நேரலாம். இரகசியமாக மாத்திரையை ஒளித்து வைக்கும் வீட்டில் இந்த எச்சரிக்கையை யார் யாருக்குச் சொல்வது?

இவ்வளவுக்கும் பிறகு, மருந்தை விட்டால் பலனும் சில மாதங்களில் போய்விடும். பூரண குணம் என்பது கிடையாது. நம் நாட்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் வழுக்கையும் சேர்ந்திருக்கிறது. அதிலுள்ளவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. "முப்பதே நாளில் கருகருவென்று" என்னும் விளம்பரங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைப்பது நலம்.

இம்மருந்துகளை யாரும் தொடவே கூடாது என்பது நமது அபிப்பிராயமல்ல. தீங்கின்றிப் பயன் அடைந்தவர்கள் அநேகர். நாம் வேண்டுவது, வைத்தியரிடம் கேட்டு, நன்மை தீமைகளைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும் என்பதே. மாத்திரை சாப்பிடும் காலத்தில் மனம் இருண்டால் அன்றைக்கே அதை நிறுத்தி, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி, வைத்தியரிடம் போக வேண்டும், வெட்கப்பட்டுக் காத்திருக்கலாகாது. பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் நெற்றி அகன்றுகொண்டு போவதைப் பற்றிய கேலியைச் சற்றே நிறுத்தி வையுங்கள். கேலிக்கு அஞ்சாத பிள்ளைதான் தன் உபாதையை வாய் திறந்து சொல்லுவான்.