காருக்கு வந்த முறைக் காய்ச்சல்

சிலருக்கு முறைக் காய்ச்சல் வருவதுண்டு. இன்று உடம்பு அனலாய்க் கொதிக்கும். நாளை ஒன்றுமே இராது. வைத்தியரிடம் அழைத்துப் போகிற நாளில்தான் உடம்பு ஜில்லென்று இருக்கும். "காய்ச்சலே இல்லையே!" என்பார் வைத்தியர். வீடு திரும்பி வாசற்படி ஏறுவதற்குள் மறுபடியும் குளிர் நடுக்கம் தொடங்கிவிடும்.

இந்தக் காய்ச்சல் மனிதர்களுக்கு மட்டுமே வரும் என்று நினைத்திருந்தேன். என் காருக்கும் வந்தது. அதனால் பணம் போயிற்று. ஒரு நாள் உயிரும் போயிருக்கும். மயிரிழையில் தப்பியதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் கார் 2012-ஆம் வருஷத்து மாடல். பழையதாக வாங்கியது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை ஆபீசுக்குப் போகும்போது, ஸ்டியரிங்குக்கு எதிரே 'ஏ.பி.எஸ்.' என்ற மஞ்சள் விளக்கு எரிந்தது. காரை நிறுத்தி மறுபடியும் கிளப்பினேன். விளக்கு அணைந்துவிட்டது. "தானாக வந்தது தானாகப் போயிற்று" என்று இருந்துவிட்டேன். நான்கு நாள் கழித்து மறுபடியும் எரிந்தது. பிறகு ஒரு வாரம் காணோம். பிறகு ஒரே நாளில் மூன்று தடவை!

அது என்ன விளக்கு?

கார் ஓட்டுகிறவர்களிலேயே பலருக்கு இந்த விளக்கின் அர்த்தம் தெரிவதில்லை. ஆகையால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பிரேக்கைத் திடீரென்று ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட சக்கரம் சாலையில் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் கேட்காது. இதைத் தடுப்பதற்காக ஏற்பட்டதுதான் ஏ.பி.எஸ். நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் சென்சார் என்ற சின்ன ஒற்றர்கள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சக்கரம் என்ன வேகத்தில் சுழல்கிறது என்று ஒரு கருவிக்கு ஓயாமல் சேதி அனுப்புவது அவர்கள் வேலை. ஒரு சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால், கருவி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை ஒரு விநாடிக்குள் பல தடவை தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கும்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. விமானங்களுக்காக டன்லப் கம்பெனி செய்த ஏற்பாடு ஒன்றை 1966-இல் இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்.எஃப். காரில் பொருத்தினார்கள். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த மின்னணு ஏற்பாடு 1978-இல் மெர்சிடிஸ் காரில் வந்தது. நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்களுக்கு இது கட்டாயம்.

ஒற்றர்களில் ஒருவனிடமிருந்து சேதி வராவிட்டால் கருவிக்குச் சந்தேகம் வந்துவிடும். சக்கரம் நின்றுவிட்டதா, அல்லது வயர்தான் விட்டுப் போயிற்றா? விஷயம் தெரியாமல் பிரேக்கைத் தளர்த்தினால் ஆபத்து. ஆகவே அது வேலையிலிருந்து ஒதுங்கிக்கொண்டு மஞ்சள் விளக்கை ஏற்றிவிடுகிறது. "சாதாரண பிரேக் இருக்கிறது, என் உதவி மட்டும் கிடையாது" என்று அதற்குப் பொருள். மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. அப்போது காரை ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும்.

மறுபடி கிளப்பியதும் விளக்கு ஏன் அணைகிறது? கருவி புதிதாக ஒரு பரீட்சை வைக்கிறது. அந்த நிமிஷத்தில் வயர் ஒட்டிக்கொண்டிருந்தால் 'பாஸ்' போட்டுவிடுகிறது. அவ்வளவுதான். நோய் தீர்ந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

மாற்றினேன், மறுபடியும் வந்தது

காரை ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் விட்டேன். அங்கே ஒரு வாலிபர் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். முன் இடது சக்கரத்துச் சென்சாரில் கோளாறு என்று அது காட்டியது. அவர் ஒரு மீட்டரை வைத்தும் பார்த்தார். "சென்சார் போய்விட்டது சார், மாற்ற வேண்டும்" என்றார். மாற்றினார். கூலியோடு ரூ. 4,200. விளக்கு அணைந்தது. எனக்குப் பரம திருப்தி.

அந்தத் திருப்தி மூன்று வாரம் நீடித்தது. ஐப்பசி மழை தொடங்கியது. விளக்கும் திரும்பி வந்தது.

மறுபடியும் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். "சென்சார் புதுசு. அதில் குற்றம் இருக்க முடியாது. அப்படியானால் கருவியே போயிருக்கும். அதை மாற்ற ரூ. 48,000 ஆகும்" என்றார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து ஒருவர் காதோடு காதாக வேறொரு யோசனை சொன்னார். "எதற்குச் சார் வீண் செலவு? விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டால் போச்சு. பிரேக்தான் பிடிக்கிறதே!"

நல்ல வேளையாகப் பல்பைக் கழற்றவில்லை. ஆனால் வேறு எதுவும் செய்யவும் இல்லை. பணம் சேரட்டும் என்று ஒத்திப் போட்டேன். அது பல்பைக் கழற்றியதற்குச் சமானம்தான்.

ஒரு முழ தூரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை விழுப்புரத்திலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் அம்மா. திண்டிவனம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில் மஞ்சள் விளக்கும் எரிந்தது. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டினேன். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. பழக்க தோஷத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பவில்லை. ஈரச் சாலையில் படகு போல மிதந்து சென்றது. லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

அம்மா "முருகா!" என்றாள். எனக்கு அதுகூட வாயில் வரவில்லை.

"விளக்கு எப்போ எரியுது?"

மறுநாளே, நண்பர் ஒருவர் சொன்ன பழைய மெக்கானிக்கிடம் போனேன். குறுகலான சந்தில் கடை. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நான் சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"விளக்கு எப்போ எரியுது சார்?" என்று கேட்டார்.

"எப்போதாவது எரிகிறது, அண்ணே!"

"எப்போதாவதுன்னு ஒரு நேரம் கிடையாது சார். மழையிலா, வெயிலிலா? வளைவிலா, நேர் ரோட்டிலா? வண்டி கிளம்பினதுமா, கொஞ்ச தூரம் போனதுக்கு அப்புறமா? ஒரு வாரம் எழுதிக் கொண்டு வாங்க. அதுவரைக்கும் மெதுவா ஓட்டுங்க. முன்னால போற வண்டிக்கு நல்லா இடம் விடுங்க."

எனக்குச் சற்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினேன். ஒரு வாரத்தில் ஐந்து தடவை விளக்கு எரிந்தது. அந்த ஐந்து தடவையும் தண்ணீர் தேங்கிய சாலையில் ஓடிய பிறகு. அல்லது பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி ஏறிய பிறகு. காய்ந்த நல்ல சாலையில் ஒரு தடவைகூட இல்லை! நான் இத்தனை நாள் அந்தக் காரிலேயே உட்கார்ந்திருந்தும் கவனிக்காத விஷயம் இது.

அவர் முதலில் பார்த்தவை ரொம்பச் சாதாரணமானவை. பாட்டரியின் வோல்டேஜ், பிரேக் ஆயில் மட்டம், நான்கு டயர்களும் ஒரே அளவுதானா, சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். பாட்டரி வலுக் குறைந்தாலும் இந்த விளக்கு எரியுமாம். பிறகு ஸ்கேனரைச் சொருகினார். விலை மலிவான ஸ்கேனர்களில் பல என்ஜினை மட்டுமே படிக்குமாம், ஏ.பி.எஸ். கருவியோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டுமாம். அது காட்டிய கோளாறு எண்ணை நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். உடனே அழித்துவிடவில்லை.

"மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் சென்சார் போய்விட்டது என்றார்கள்" என்றேன். அவர் சிரித்தார். "பழைய மாதிரி சென்சார் வெறும் காந்தமும் கம்பிச் சுருளும். அதை ஓம் மீட்டரில் பார்க்கலாம். உங்க காரில் இருக்கறது வேற மாதிரி. அது 7 மில்லி ஆம்பியர், 14 மில்லி ஆம்பியர்னு கரண்டை மாத்தி மாத்திச் சேதி சொல்லும். அதுகிட்ட ஓம் மீட்டரை வச்சா என்ன தெரியும்?"

பச்சைக் களிம்பு

பிறகு என்னை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியே தெரிந்தது. நான்கும் 30 கிலோ மீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தன. ஒரு பள்ளத்தில் இறங்கியதும், முன் இடது சக்கரம் மட்டும் கண் இமைக்கும் நேரம் பூஜ்யத்துக்குப் போய்த் திரும்பியது. "ஓடற வண்டியில ஒரு சக்கரம் மட்டும் நின்னு நின்னு ஓடுமா சார்? வழியில எங்கேயோ சேதி அறுந்து போகுது" என்றார்.

கடைக்குத் திரும்பியதும் அந்தச் சக்கரத்தைக் கழற்றினார். மேல் வளைவுக்குள் இருந்த மறைப்பை நீக்கினார். சென்சாரின் வயரும் காரின் வயரும் சேரும் இடத்தில் ஒரு கனெக்டர் இருந்தது. அதை அசைத்ததும் விளக்கு எரிந்தது. பிரித்துக் காட்டினார். புதுச் சென்சாரின் பக்கம் பளபளவென்று இருந்தது. காரின் பக்கத்து ஊசி முனைகளில், கவனிக்காமல் விட்ட பித்தளைச் சொம்பைப் போலப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ரப்பர் மூடி வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

"அப்படியானால் சென்சார் மாற்றியதும் மூன்று வாரம் நன்றாக இருந்ததே?"

"மாத்தும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டினாங்க இல்லையா? அந்த உரசலில் களிம்பு கொஞ்சம் போயிருக்கும். உங்களைக் குணப்படுத்தினது சென்சார் இல்லை சார், அந்த உரசல்தான்!"

ரூ. 4,200-க்கு நான் வாங்கியது ஒரு உரசல்!

அவர் களிம்பைச் சுரண்டி விட்டுவிடவில்லை. முனைகளையே வெட்டிப் புதிது வைத்தார். தண்ணீர் புகாத புது மூடி போட்டார். பிறகு கனெக்டர் மேல் தண்ணீர் ஊற்றி, அதே பள்ளச் சாலையில் மூன்று தடவை ஓட்டச் செய்தார். எண் நான்கும் இம்மியும் பிசகவில்லை. சாமான் செலவு ரூ. 160. தேடிப் பார்த்ததற்கு ரூ. 1,500.

குற்றம் யாருடையது?

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் போன ஒர்க் ஷாப்பைத் திட்டுவது சுலபம். ஆனால் அவர்களை அப்படிப் பழக்கியவர்கள் யார்? நாம்தான்.

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தால் பீஸ் கொடுக்கிறோம். மருந்து எழுதவில்லையே என்று பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. மெக்கானிக் இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து தேடினால் என்ன கேட்கிறோம்? "என்ன மாற்றினாய்?" என்கிறோம். "ஒன்றும் மாற்றவில்லை, பார்த்தேன்" என்றால், "பார்த்ததற்கு எதற்குக் காசு?" என்கிறோம். அவர் என்ன செய்வார்? அடுத்த தடவை பார்ப்பதை விட்டுவிட்டு மாற்றத் தொடங்குகிறார். பில்லில் ஒரு பொருளின் பெயர் இருந்தால் நாம் முணுமுணுக்காமல் கொடுக்கிறோம் அல்லவா? எப்போதும் இருக்கிற கோளாறை இந்த முறையிலும் ஒருவாறு தீர்த்துவிடலாம். வந்து வந்து போகிற கோளாறை ஒருநாளும் தீர்க்க முடியாது.

"பார்க்கக் கூலி என்று ஆரம்பித்தால், பாராமலே கூலி கேட்பார்களே!" என்று சிலர் சொல்லக் கூடும். நியாயமான பயம்தான். அதற்கு வழி இருக்கிறது. ஸ்கேனர் என்ன காட்டியது, எதை எதைச் சோதித்தார்கள், எது சரியாக இருந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கோளாறு அகப்படாவிட்டாலும் அந்தக் காகிதத்துக்கு விலை உண்டு. அடுத்துப் பார்ப்பவர் அங்கிருந்து தொடங்கலாம். நம் பங்குக்கு நாமும் விளக்கு எரிந்த நேரம், இடம், மழை, வேகம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போக வேண்டும். நோயாளி வாயைத் திறக்காவிட்டால் தன்வந்திரியே வந்தாலும் என்ன செய்வார்?

"பழைய கார்தானே! அந்தக் காலத்து அம்பாஸிடரில் ஏ.பி.எஸ். இருந்ததா?" என்றும் கேட்பார்கள். இல்லைதான். ஆனால் அதை ஓட்டியவர் மழையில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கக் கற்றிருந்தார். ஓங்கி மிதித்தால் போதும், மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும் என்று நம் கால்கள் பழகியிருக்கின்றன. நம்பின கைத்தடியை நடு ஆற்றில் பறிப்பது, கைத்தடியே இல்லாமல் ஆற்றில் இறங்குவதைவிட மோசம்.

பல்பைக் கழற்றும் யோசனை அதனால்தான் பாவச் செயல் என்கிறேன். உங்களோடு போவதில்லை அந்தப் பாவம். நாளை அந்தக் காரை விலைக்கு வாங்குகிறவரும் நம்பிக்கொண்டே ஓட்டுவார். ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கலாம். 15 வருஷம் ஆன கார்களின் பதிவைப் புதுப்பிக்கும்போது சோதிக்கிற அதிகாரிகளும் இந்த ஒரு விளக்கைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அரை நிமிஷ வேலைதான்.

இரண்டு மழைக்காலத் தண்ணீரில் ஓடியும் என் காரில் அந்த விளக்கு பிறகு எரியவில்லை. ஆனாலும் சாவியைத் திருப்பும்போதெல்லாம் அது எரிந்து அணைகிறதா என்று பார்த்த பிறகே கிளம்புகிறேன். பின் சீட்டிலிருந்து அம்மாவும் எட்டிப் பார்க்கிறாள். "அணைஞ்சுட்டுதா? சரி, போகலாம்" என்கிறாள்.