தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் மூடப்பழக்கம்

மைசூரு விஜயநகரை ஒட்டிப் போகும் வெளிவட்டச் சாலையில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டுவருபவை ஒரு பக்கம். இங்கிருந்து நஞ்சன்கூடு, சாமராஜநகர், ஆசனூர் கடந்து, திம்பம் மலைப்பாதையில் இறங்கி, சத்தியமங்கலத்துக்கும் கோவைக்கும் போய்த் திரும்புபவை இன்னொரு பக்கம். இவற்றில் பழைய வண்டிகள் பலவற்றில், இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒரு சிறு பாகம் இருக்காது. கம்பெனி பொருத்தி அனுப்பிய தெர்மோஸ்டாட்டை யாரோ ஒரு மெக்கானிக் கழற்றிப் போட்டிருப்பார்.

“குளிர் நாட்டுக்காரன் பனிக்காக வைத்த சமாச்சாரம் அது. நம்ம வெயிலுக்கு அது எதுக்கு? எடுத்துவிட்டால் தண்ணி தடையில்லாமல் ஓடும், வண்டி ஹீட் ஆகாது.” தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பட்டறைக்குப் பட்டறை கேட்கும் பேச்சு இது. டிரைவர் நம்புகிறார், உரிமையாளர் நம்புகிறார், கற்றுக்கொள்ள வரும் பையனும் முதல் வாரத்திலேயே இதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறான். இது தவறான பாடம். இன்ஜினின் ஆயுளைக் குறைப்பதோடு, எந்தச் சூட்டைத் தடுப்பதாகச் சொல்கிறதோ அந்தச் சூட்டையே சில வண்டிகளில் கூட்டிவிடும் பாடம்.

முதலில் அந்தப் பாகம் செய்யும் வேலையைப் பார்ப்போம். அதற்குள் ஒரு சிறு குப்பியில் மெழுகு இருக்கிறது. இன்ஜின் தண்ணீர் 80 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும்போது அந்த மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளத் தொடங்கும். 95 டிகிரி வாக்கில் வால்வு முழுக்கத் திறந்துவிடும். மின்சாரமும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். 1930-களில் உருவான இந்த ஏற்பாடு இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

இனி, கழற்றச் சொல்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. மலை ஏறும்போது தண்ணீர் 95 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தெர்மோஸ்டாட் எந்த நிலையில் இருக்கிறது? முழுக்கத் திறந்திருக்கிறது. ஏற்கெனவே திறந்து கிடக்கும் கதவைப் பெயர்த்து எடுப்பதால் வண்டிக்கு என்ன லாபம்? சூடு எல்லை மீறும் நேரத்தில் அது தடையாக நிற்பதே இல்லை. வண்டி குளிர்ந்திருக்கும்போதுதான் மூடியிருக்கிறது. ஆகவே அதைக் கழற்றினால் மாறுவது குளிர்ந்த இன்ஜினின் நிலைதான். கொதிக்கும் இன்ஜினுக்கு அதனால் பயன் ஏதும் கிடையாது.

பயன் இல்லாததோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. லாரி டீசல் இன்ஜின்கள் பலவற்றில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக நேரே வாட்டர் பம்புக்குத் திரும்பும். சூடு ஏறியதும் ரேடியேட்டர் வழி திறக்கும், அதே அசைவில் பைபாஸ் வழி மூடும். மொத்தத் தண்ணீரும் ரேடியேட்டர் வழியாகப் போயே தீர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பைபாஸை மூட ஆளில்லை. கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல், எளிதான வழியில் புகுந்து மறுபடியும் இன்ஜினுக்கே வந்து சேரும். ‘தடையை எடுத்துவிட்டோம்’ என்று நிம்மதியாகப் புறப்பட்ட வண்டி திம்பம் வளைவுகளில் முன்னைவிட அதிகமாகக் கொதிப்பதற்குக் காரணம் இதுதான். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டாதீர்கள் என்று கம்மின்ஸ் போன்ற டீசல் இன்ஜின் நிறுவனங்களின் கையேடுகள் எச்சரிப்பதும் இதனால்தான்.

மைசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிருஷ்ணராஜ சாகர் அணையில் நீர்மட்டம் உயர்ந்தால் தாமாகத் திறந்துகொள்ளும் மதகுகள் உண்டு. விஸ்வேஸ்வரய்யா வடிவமைத்த முறை அது. வெள்ளம் வரும் என்று பயந்து அந்த மதகுகளைப் பெயர்த்துவிட்டால், கோடையில் அணையில் தண்ணீர் நிற்காது. தேவையானபோது தேக்கவும், மிகும்போது திறந்துவிடவும் தெரிந்த ஒன்றைப் பிடுங்கி எறிவது பாதுகாப்பு ஆகாது.

கழற்றுவதை எதிர்க்கும் சிலரும் ஒரு தவறான காரணம் சொல்கிறார்கள். தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் சூடு இறங்க நேரம் போதாது என்பது அவர்கள் வாதம். இதுவும் சரியல்ல. வேகமாகப் போகும் தண்ணீர் வேகமாகவே திரும்பி வருகிறது. ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் வெளியேற்றும் மொத்தச் சூடு குறைவதில்லை. நல்ல முடிவுக்குக் கெட்ட வாதம் துணையாக வேண்டாம். பைபாஸ் என்ற உண்மைக் காரணமே போதும்.

இந்த நம்பிக்கை வெறும் அறியாமையில் பிறந்ததல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தெர்மோஸ்டாட் பழுதாகி மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்வது உண்டு. அப்போது வண்டி நிச்சயம் கொதிக்கும், கழற்றியதும் அடங்கும். அதைக் கண்ணால் பார்த்த மெக்கானிக் எல்லா வண்டிக்கும் அதே மருந்தைக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். நடுக்காட்டில் வண்டி நின்றால், பழுதான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, மீட்டரில் கண் வைத்தபடி அடுத்த ஊர்வரை மெதுவாகக் கொண்டுபோவதில் பிழையில்லை. ஊர் சேர்ந்ததும் புதியதைப் பொருத்தாமல் விடுவதுதான் பிழை. ஒரு லாரி டயரின் விலைக்கு முன் இதன் விலை ஒரு பொருட்டே அல்ல. சந்தேகம் இருந்தால் சோதிப்பதும் எளிது. ஒரு பாத்திரத் தண்ணீரில் தெர்மாமீட்டருடன் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டு அடுப்பேற்றினால், அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று கண்ணெதிரே தெரிந்துவிடும்.

‘நம்ம வெயிலுக்கு எதற்கு’ என்ற கேள்விக்கும் நம் சாலையே பதில் சொல்கிறது. ஏப்ரலில் சத்தியமங்கலம் சமவெளியில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். அங்கே பண்ணாரியிலிருந்து ஏறும் வண்டி 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,000 மீட்டருக்கும் மேலான திம்பத்தை அடைகிறது. பிறகு ஆசனூர்க் காட்டின் குளுமை, அதன் பின் மைசூர்ப் பீடபூமியின் சமதளம். டிசம்பர், ஜனவரி விடியலில் மைசூரில் 16 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஒரே லாரி, ஒரே இன்ஜின் இந்த இரண்டு பருவத்தையும் பார்க்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சமதளத்தில் 80 டிகிரியை எட்டவே திணறும். மீட்டர் முள் கீழே படுத்திருப்பதைப் பார்த்து டிரைவர் மகிழ்கிறார். அந்த முள் சொல்வது இன்ஜின் நோயுற்றிருக்கிறது என்பதை.

குளிர்ந்த இன்ஜினில் டீசல் முழுக்க எரிவதில்லை. எரியாத டீசல் சிலிண்டர் லைனரின் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகிறது. புகையிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து, டீசலின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரிக்கிறது. லைனரும் ரிங்கும் வேகமாகத் தேய்வதற்குக் குளிர்ந்த ஓட்டம் பெருங்காரணம் என்பது 1930-களிலேயே பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. இப்போதைய டீசலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குக் குறைந்துவிட்டதால் அமிலத்தின் கடுமை தணிந்திருப்பது உண்மை. அதற்குப் பதிலாக வேறொரு கண்டம் வந்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ்-6 லாரிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் அதைச் சுட்டுச் சுத்தம் செய்யும் ஏற்பாடும் இருக்கின்றன. தண்ணீர் சூடேறாவிட்டால், இன்ஜின் இன்னும் தயாராகவில்லை என்றே வண்டியின் கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். சுத்தம் தள்ளிப்போகும், கரி சேரும், எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

அப்படியானால் மலையேற்றத்தில் வண்டி ஏன் கொதிக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 டன் எடையுள்ள லாரியைப் பண்ணாரியிலிருந்து திம்பம்வரை தூக்கிச் செல்ல எரியும் டீசலின் சூட்டில் ஏறத்தாழ கால் பங்கு தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தச் சூடு சுமார் 300 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வண்டியில் இருப்பதோ அதில் ஒரு சிறு பங்கு. மிச்சத்தையெல்லாம் காற்றுதான் கொண்டுபோக வேண்டும். வளைவுகளில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று இல்லை. ஃபேன் இழுப்பதுதான் காற்று. விலங்குகளைக் காக்க 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன இரவுத் தடையால், சரக்கு லாரிகள் பகலில்தான் ஏற வேண்டும். அந்தத் தடை நியாயமானது. பகல் வெயிலுக்கு வண்டியைத் தயார்செய்வது நம் பொறுப்பு.

தயார்செய்வது என்றால் முதலில் ரேடியேட்டரைப் பார்ப்பது. ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே மண்ணும் பூச்சியும் வைக்கோல் தூசும் அடைத்திருக்கும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. அடுத்து ஃபேன் பெல்ட்டின் இறுக்கம், ஃபேன் கிளச், ஃபேனைச் சுற்றியுள்ள கவசம். அதற்கடுத்து ரேடியேட்டர் மூடி. எவரும் மதிக்காத அந்த மூடிதான் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. மைசூர் உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 97 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் கொதிக்கும், திம்பத்தில் 96-ஐ ஒட்டியே கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் பிடிக்கும் நல்ல மூடி அந்த எல்லையை 120 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோகிறது. ரப்பர் செத்த மூடியோடு மலை ஏறிவிட்டுத் தெர்மோஸ்டாட்டின் மேல் பழி போடுவது அநியாயம்.

வெறும் குழாய்த் தண்ணீர் போதும் என்பதும் இதே நம்பிக்கையின் உடன்பிறப்பு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர் சிறந்ததுதான். ஆனால் உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் காரை கட்டும், துரு பிடிக்கும், லைனரின் வெளிச்சுவரில் நுண்குழிகள் விழும். கூலன்ட்டில் உள்ள ரசாயனங்கள் இவற்றைத் தடுக்கவே இருக்கின்றன. மலையில் கொதித்த வண்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிரப்புபவர் அந்தப் பாதுகாப்பைக் கழுவி விடுகிறார். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடவும் கூடும்.

ஓட்டும் முறையும் முக்கியம். பெரிய கியரில் இன்ஜினைத் திணறவிட்டு ஏறினால் ஃபேனும் பம்பும் மெதுவாகச் சுற்றும். நேரத்தோடு கியரைக் குறைத்தால் இரண்டும் வேகம் பிடிக்கும். கியர்பாக்ஸின் சூட்டுக்கும் இப்படிப்பட்ட குறுக்குவழிகள் புழங்குகின்றன. ஆயிலைக் கூடுதலாக ஊற்றினால் குளிரும் என்கிறார்கள். அளவுக்கு மிஞ்சிய ஆயிலைப் பல்சக்கரங்கள் கடைந்து நுரையாக்கி மேலும் சூடேற்றும். இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தி நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார்கள். அப்போது கியர்பாக்ஸுக்குள் ஆயிலை வாரி இறைக்கும் கீழ்த்தண்டு நின்றுவிடும், மேல்தண்டின் பேரிங்குகள் காய்ந்து ஓடும். பிரேக்குகள் தனியே சுமக்கும் பாரம் உயிருக்கே ஆபத்து.

இந்த மூடப்பழக்கத்தின் செலவைச் சுமப்பது யார்? ஹெட் கேஸ்கட் போனால் உரிமையாளரின் மாதத் தவணை தவறுகிறது. வண்டி நின்றால் முதல் ஏச்சு டிரைவருக்கு. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையும் முகமும் வெந்துபோவது பெரும்பாலும் கிளீனர் பையன். இவர்கள் யாரும் குளிர்விக்கும் முறையைத் தவறாக வடிவமைக்கவில்லை. ஒசூரிலும் ஜாம்ஷெட்பூரிலும் நம் வெயிலையும் மலைகளையும் அறிந்தே லாரி செய்பவர்கள் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தித்தான் அனுப்புகிறார்கள்.

பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, உங்கள் கையில்தான் இது இருக்கிறது. சூடு என்று வண்டி வந்தால் மூடி, பெல்ட், ரேடியேட்டர், கூலன்ட் என்று வரிசையாகப் பாருங்கள். தெர்மோஸ்டாட் கெட்டிருந்தால் புதியதைப் போடுங்கள், காற்று வெளியேறும் சிறு துளை மேலே இருக்கும்படி பொருத்துங்கள். உரிமையாளர்களே, அடுத்த சர்வீஸில் ‘தெர்மோஸ்டாட் இருக்கிறதா?’ என்று வாய் திறந்து கேளுங்கள். இல்லையென்றால் அது பொருத்தப்படும்வரை வண்டியை எடுக்காதீர்கள். கற்றுக்கொள்ள வரும் பையனுக்கு முதல் பாடமாகக் கழற்றுவதைச் சொல்லித்தராதீர்கள், சோதிப்பதைச் சொல்லித்தாருங்கள்.