திருத்திய பழைய உழவு இயந்திரம் ஒரு சிலிண்டரில் தவறினால்

காலபோகத்தின் முதல் மழை பெய்து நிலம் இளகிய பின்னர், உழவுக்கேற்ற ஈரம் மண்ணில் நிற்பது சில நாட்களே. புழுதி விதைப்புச் செய்வோர் பெருமழை தொடங்குமுன் உழுது முடித்தல் வேண்டும். அந்தச் சில நாட்களை எண்ணியே கமக்காரர் பலர் தம் பழைய உழவு இயந்திரத்தின் எஞ்சினைப் பெரும்பொருள் செலவிட்டுத் திருத்துவிக்கின்றனர். புதிய ஸ்லீவ், புதிய பிஸ்டன், புதிய ரிங் யாவும் இட்டுப் பூட்டிய எஞ்சின், வயலில் இறங்கிய முதல் நாளிலேயே ஒரு சிலிண்டரில் வேலைசெய்யாது குலுங்கத் தொடங்கினால் உண்டாகும் மனவருத்தம் சிறிதன்று. அவ்வேளையில் பெரும்பாலும் இரண்டிலொரு பிழை நிகழ்கின்றது. “போகம் முடியட்டும், பிறகு பார்ப்போம்” என்று அப்படியே ஓட்டுதல் ஒன்று. எஞ்சினை மறுபடியும் முழுவதும் கழற்றுதல் மற்றொன்று. இவ்விரண்டும் வேண்டாதன. கைக்கு அடக்கமான ஒரு ஸ்பனருடன் அரை மணி நேரம் பொறுமையாகச் சோதித்தால், குற்றம் எங்கேயுள்ளது என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

இலங்கையின் வயல்களில் இன்றும் உழுதுகொண்டிருக்கும் பழைய இயந்திரங்களுள் மெசி பேர்குசன் 35 நன்கு அறியப்பட்ட ஒன்றாகும். 1953 ஆம் ஆண்டில் பேர்குசன் கம்பனியும் கனடாவின் மெசி-ஹரிஸ் கம்பனியும் ஒன்றாயின. அவற்றின் வழித்தோன்றலான இவ்வியந்திரம் 1959 ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினுடன் செய்யப்பட்டது. சிலிண்டரின் விட்டம் 3.6 அங்குலம், பிஸ்டனின் ஓட்டம் 5 அங்குலம், மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய இரண்டரை லீற்றர். வெடிக்கும் ஒழுங்கு 1, 2, 3 என்பதாகும். கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று வெடிப்புகள் நிகழவேண்டும்; அதாவது 240 பாகைக்கு ஒன்று. அவற்றுள் ஒன்று தவறினால் ஒன்றேகாற் சுற்றுக்கும் மேலாகக் கிராங்கைத் தள்ளுவார் இல்லை. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஓரளவு மறைந்து போகும் குலுக்கம் மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஆசனத்தில் இருப்பவரின் முதுகெலும்பிலேயே தெரிவது இதனாலாகும். வலுவிழப்பும் மூன்றிலொரு பங்குடன் நிற்பதில்லை. செத்த சிலிண்டரின் பிஸ்டனையும் மற்ற இரண்டுமே இழுக்கவேண்டியிருக்கின்றது.

அப்படியே ஓட்டுவதால் வலு குறைவது மட்டுமே நட்டம் என எண்ணுதல் தவறு. எரியாத டீசல் சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயுடன் கலக்கின்றது. புதிய ரிங்குகள் ஸ்லீவுடன் இணங்கிப் படிய வேண்டிய காலம் அதுவே. அக்காலத்தில் சுவர் வறண்டு போனால் பழைய ரிங்குக்கு நேராத தேய்வு புதிய ரிங்குக்கு நேரும். நாளுக்கு நாள் எண்ணெய் அளவுகோலிற் குறைய வேண்டிய மட்டம் உயர்ந்து, டீசல் வாடையும் வீசுமாயின் இத்தீங்கு தொடங்கிவிட்டது என்று கொள்ளல் வேண்டும். நீர்த்துப்போன எண்ணெயிலே கிராங்கின் பெயரிங்குகளும் ஓடவேண்டியனவே. ஒரு போகத்து உழவை முடிப்பதற்காக ஒரு திருத்தத்தின் செலவு முழுவதையும் இழப்பது கணக்குக்கு ஒவ்வாது.

எஞ்சினை உடனே கழற்றுதலும் அறிவுடைமையன்று. முதலில் அறியவேண்டியது, தவறுவது எந்தச் சிலிண்டர் என்பது. எஞ்சினைத் தொடக்கி, மெதுவான ஓட்டத்திலும் சற்றுக் கூடிய வேகத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வோர் இன்ஜெக்டரிலும் குழாய் வந்து சேரும் நட்டை ஒன்றன்பின் ஒன்றாக அரைச் சுற்றுத் தளர்த்துதல் வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தியவுடன் எஞ்சினின் ஓசை மாறும், குலுக்கம் மிகும். எந்த நட்டைத் தளர்த்தியும் ஓசையிலே மாற்றமில்லையோ அதுவே தவறும் சிலிண்டர். குளிர்ந்த எஞ்சினைத் தொடக்கிச் சிறிது நேரத்தில், புகை வெளிப்படும் குழாயின் அடிகளிற் சில துளி நீர் தெளித்துப் பார்க்கும் முறையும் உண்டு. இரண்டு அடிகளில் நீர் சுரீரென ஆவியாகி, மூன்றாவதில் ஈரமாகவே நின்றால் விடை கிடைத்துவிட்டது.

இச்சோதனையில் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. இன்ஜெக்டரிலிருந்து சீறும் டீசலின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் நூறு மடங்கினும் மிகக் கூடியது. ஊசித்துளையளவு கசிவுங்கூடக் கையின் தோலைத் துளைத்து உள்ளே செல்லவல்லது. காயம் எறும்புக்கடி போலச் சிறிதாய்த் தோன்றினும், உள்ளே சதை அழுகி விரலையே இழக்க நேரிடலாம். நட்டை மெல்லத் தளர்த்திக் கசியவிடுதல் வேண்டுமேயன்றி, குழாயை முற்றாகக் கழற்றியோ கையால் மறைத்தோ பார்த்தலாகாது. தோலினுள் டீசல் புகுந்துவிட்டால் வலியில்லாவிடினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

சிலிண்டர் இன்னதெனத் தெரிந்தபின், புதிய உதிரிப்பாகம் வாங்க ஓடுதல் வேண்டா. தவறும் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் நல்ல சிலிண்டரின் இன்ஜெக்டரையும் இடம் மாற்றிப் பூட்டி மறுபடியும் சோதித்தல் வேண்டும். குற்றம் இன்ஜெக்டருடன் கூடவே இடம் மாறினால் குற்றவாளி இன்ஜெக்டரே. அதனைப் பரிசோதிக்கும் கருவியுள்ள இடத்துக்கு அனுப்பலாம். குற்றம் பழைய சிலிண்டரிலேயே நின்றால் இன்ஜெக்டர் நல்லது. குழாயையோ, வால்வையோ, அமுக்கத்தையோ பார்க்கவேண்டும். ஒரு சதமும் செலவில்லாத இச்சோதனையைச் செய்யாது மூன்று இன்ஜெக்டரையும் ஒருங்கே மாற்றுமாறு கூறுவோரின் சொல்லைக் கேட்டல் வேண்டா. ஒரே நேரத்திற் பலவற்றை மாற்றினால், குற்றம் தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது போகும்.

பம்பின்மேற் பழி சுமத்துவோரும் உளர். மெசி பேர்குசன் 35 இன் மூன்று சிலிண்டர் எஞ்சினிலுள்ள சுழல் பம்பில், டீசலை அமுக்கும் உறுப்பு மூன்று சிலிண்டர்களுக்கும் பொதுவானது. இரண்டு சிலிண்டர்கள் நன்றாக எரிகையில் அவ்வுறுப்புத் தேய்ந்துவிட்டதென்று சொல்வதற்கு நியாயம் குறைவு. மூன்றாவதுக்குச் செல்லும் குழாயில் வெடிப்போ, அடைப்போ, சிக்கிய காற்றோ இருத்தலே கூடிய அளவு இயல்பு. போட்சன் மேஜர் டீசல் இயந்திரத்தின் நேர்வரிசைப் பம்பு வேறு வகையினது. அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி உறுப்பு உண்டாகையால், ஒன்று மட்டும் பழுதாதல் கூடும். இயந்திரம் எதுவென்று கேளாமலே பம்பைக் கழற்றச் சொல்பவர் இவ்வேறுபாட்டை அறியாதவராவார்.

திருத்திய எஞ்சினுக்கே உரிய குற்றங்கள் சில உள. இன்ஜெக்டரின் அடியிலுள்ள செப்பு வாஷர் முதலாவது. பழைய வாஷர் துளையினுள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியாது மேலே புதியதொன்றை இட்டுப் பூட்டினால் இன்ஜெக்டர் உயர்ந்து நிற்கும். டீசல் தெளியவேண்டிய இடத்திலே தெளியாது. இன்ஜெக்டரைப் பிடிக்கும் இரு நட்டுகளுள் ஒன்றை முழுவதும் இறுக்கிய பின் மற்றதை இறுக்கினால் அது சாய்ந்து அமர்ந்து காற்றுக் கசியும். இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குதலே முறை.

இன்னும் பெரியது வால்வு இடைவெளியாகும். டப்பட் என்று வழங்கும் இவ்விடைவெளி இவ்வெஞ்சினில் சூடாயிருக்கையில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கும், குளிர்ந்திருக்கையில் 12 பங்கும் இருத்தல் வேண்டும். எஞ்சின் முதன்முறை நன்றாகச் சூடேறியபின் புதிய காஸ்கட் அமுங்கும். ஹெட்டை மறுபடி இறுக்குகையில் அது மேலும் சிறிது கீழே இறங்கும். அதனால் வால்வு இடைவெளி சுருங்கும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுவதும் மூடாது, அமுக்கம் கசியும், காலையிற் குளிரில் நன்றாக ஓடிய எஞ்சின் சூடேறியதும் ஒரு சிலிண்டரில் தவறும். ஹெட்டை மறுமுறை இறுக்கி டப்பட்டையும் அளந்து வைக்காத திருத்தம் முடிவுபெற்ற திருத்தமன்று. திருத்தியவரிடம் இவ்வேலையைக் கேட்டுப் பெறுதல் கமக்காரரின் உரிமை. இயந்திரத்தை விரைவாகக் கொண்டுபோக வேண்டுமென்று அவசரப்படுத்துவோர் அவ்வுரிமையைத் தாமே விட்டுக்கொடுக்கின்றனர்.

அமுக்கத்தை அளக்க டீசல் எஞ்சினுக்குரிய கேஜ் வேண்டும். அது கிடையாவிடத்து, டீசலை நிறுத்தும் பிடியை இழுத்துவைத்து ஸ்டாட்டரால் எஞ்சினைச் சுழற்றிச் செவிகொடுத்தல் நன்று. மூன்று திணறல்களும் ஒரே அளவில் கேட்டால் அமுக்கம் ஏறக்குறைய ஒத்திருக்கின்றது. ஒன்றில் மட்டும் ஸ்டாட்டர் சட்டென வேகமாகச் சுழன்றால் அச்சிலிண்டரில் அமுக்கமில்லை. அங்ஙனமாயின், எஞ்சின் ஓடுகையில் ரேடியேற்றர் நீரிற் குமிழிகள் எழுகின்றனவா என்று பார்க்கலாம். எழுந்தால் காஸ்கட் அல்லது ஹெட் குற்றமுடையது. எண்ணெய் ஊற்றும் வாயிலாகப் புகை விட்டுவிட்டுத் தள்ளினால் ரிங்கோ பிஸ்டனோ காரணம். டப்பட் சரியாயிருந்தும் காற்று உள்ளே செல்லும் வழியிற் சீறும் ஓசை கேட்குமாயின் வால்வு சரியாக அமரவில்லை. எஞ்சினைத் திறக்கும் முடிவு இந்நிலைக்கு வந்தபின்னரே எடுக்கத்தக்கது. அப்போதும் வால்வுக் குற்றத்துக்காகப் பிஸ்டன்களைக் கழற்றவேண்டியதில்லை.

1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சிறிய பேர்குசன் இயந்திரங்களுட் பல பெற்றோலிலோ, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் போன்ற எரியெண்ணெயிலோ ஓடுவன. அவற்றின் ஸ்டாண்டட் எஞ்சின்களில் வெடிக்கும் ஒழுங்கு 1, 3, 4, 2 ஆகும். திருத்தியபின் இரண்டு சிலிண்டர்கள் ஒருங்கே தவறினால், பிளக் வயர்கள் இரண்டு இடம் மாறியிருத்தலை முதலிற் பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் தவறின் பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தல், இன்ஜெக்டரை மாற்றிப் பார்த்தலோடு ஒக்கும். எஞ்சின் சூடாகுமுன் எரியெண்ணெய்க்கு மாற்றுவதால் பிளக் கரிபிடித்துத் தவறுதல் அதிகம். தோட்டங்களில் நீரிறைக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்கும் இது பொருந்தும்; ஒற்றைச் சிலிண்டராகையால் அவை தவறும்போது நின்றே விடும் என்பதொன்றே வேறுபாடு.

எஞ்சினைத் திருத்துகையில் பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் தாராளமாகச் செலவிட்டு, பழைய இன்ஜெக்டர்களைச் சோதிக்காமலே திரும்பப் பூட்டுவது மிகப் பெரிய சிக்கனக் கேடாகும். சொட்டுகின்ற ஓர் இன்ஜெக்டர் புதிய பிஸ்டனின் தலையை உருக்கித் துளைத்துவிடக்கூடும். டீசலின் தூய்மையும் அவ்வாறே. 2022 ஆம் ஆண்டிற் டீசலுக்காக வரிசையில் நின்ற பின், பீப்பாய்களில் அதனைச் சேமித்துவைக்கப் பழகியோர் பலர். பீப்பாயின் அடியில் நீரும் துருவும் தங்கும். திருத்திய எஞ்சினுக்கு டீசல் ஊற்றுமுன் பீப்பாயை ஓரிரவு அசையாது வைத்து, அடியில் ஒரு சாண் விட்டு மேலிருந்து எடுத்து, துணியில் வடித்து ஊற்றுதல் வேண்டும். தாங்கியின் அடியிலுள்ள கிண்ணத்தைக் கழுவுதலையும், டீசல் வடிகட்டியைப் புதிதாக இடுதலையும் முதல் நாள் உழவுக்கு முன்னரே முடித்துக்கொள்ளல் வேண்டும்.